அறுக்காமல் விட்ட முத்திரை

மஹ்ஜபீனுக்குப் பஸ்ஸில் தூக்கம் வராது, கனவு மட்டும் வரும். பூந்தமல்லியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும், வேலப்பன்சாவடி வருவதற்குள் கண்ணைத் திறந்தபடியே எங்கோ போய்விடுவாள். மெட்ரோத் தூண்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகரும். மதுரவாயலில் இறங்குவதும், வேறு பஸ் பிடிப்பதும், முகப்பேரைக் கடந்து அம்பத்தூர் எஸ்டேட் போய்ச் சேருவதும் அவளைக் கேட்காமலே கால்கள் பார்த்துக்கொள்ளும். பதினோரு வருஷம் அப்படித்தான் போய் வந்தாள்.

என்ன கனவு என்று கேட்டால் சிரிப்பீர்கள். மாளிகையும் இல்லை, மலையும் இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனி. மத்தியானம் மணி அடித்ததும் வீட்டுக்கு வந்து சூடாகச் சோறு தின்றுவிட்டு, ஃபேனுக்கு அடியில் பத்து நிமிஷம் காலை நீட்டிப் படுத்து எழுந்து திரும்பிப் போவது. அவ்வளவுதான். இது ஒரு கனவா என்று கேட்பவர்கள், டப்பாவில் ஆறிப்போன சோற்றைப் பதினோரு வருஷம் தின்று பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

அந்த எஸ்டேட்டில் மண்ணூர்பேட்டைப் பக்கம், லாரிகளுக்கு வேண்டிய இரும்புப் பிராக்கெட் அடிக்கும் சின்னக் கம்பெனியில் அவள் இன்ஸ்பெக்டர். போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை, சரக்கைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர். பிராக்கெட்டின் துளைகளில் அளவு பார்க்கும் கேஜை விட்டுப் பார்ப்பாள். மயிரிழை தப்பினாலும் ஒதுக்கி வைப்பாள். சரியாக இருந்தால் பச்சை அட்டையைக் கட்டி, அதில் தன் ரப்பர் முத்திரையைக் குத்துவாள். வட்டத்துக்குள் இருபத்தேழு. அந்த ஏழின் வாலில் எப்போதோ ஏற்பட்ட சின்னப் பிசிறு உண்டு. இருபத்தேழு விழுந்த சரக்கை வாங்குகிற இடத்தில் யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை என்று முதலாளி சின்னசாமியே ஒருமுறை ஆயுத பூஜையன்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அன்று முழுக்க அவள் தரையில் நடக்கவில்லை.

முத்திரைக்கு அங்கே ஒரு சடங்கு உண்டு. இன்ஸ்பெக்டர் ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது, அவருடைய முத்திரையை ஸ்டோர் கீப்பர் எத்திராஜிடம் ஒப்படைக்க வேண்டும். எத்திராஜ் அதை ரிஜிஸ்டரில் கடைசியாக ஒருமுறை குத்தி, தேதி போட்டு, கையெழுத்து வாங்குவார். பிறகு பிளேடை எடுத்து, சொந்தக்காரரின் கண்ணெதிரிலேயே ரப்பரைக் குறுக்காக அறுத்து, கடைசிக் கட்டத்தில் 'அறுக்கப்பட்டது' என்று எழுதுவார். ஒருவர் எண்ணை இன்னொருவர் தொடக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது.

போன ஆகஸ்ட் முப்பதாம் தேதி மஹ்ஜபீன் வேலையை விட்டாள். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. பஸ்ஸிலேயே ஆயுசு போகிறது, வீட்டுப் பக்கமாக ஒன்று தேடிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தாள். விருப்பப்பட்டு விலகுகிறார் என்று அவர்களும் கடிதம் கொடுத்தார்கள். கடைசியாக ஸ்டோருக்குப் போனாள். ரிஜிஸ்டரில் முத்திரை விழுந்தது, தேதி விழுந்தது, கையெழுத்தும் ஆயிற்று. எத்திராஜ் பிளேடை எடுத்தார்.

"அறுக்க வேணாம்ணே," என்றாள் மஹ்ஜபீன். "அதப் பாக்க எனக்கு மனசு வரல."

எத்திராஜுக்கு அவளைவிட இளகிய மனசு. பிளேடைக் கீழே வைத்துவிட்டார். "சர்தாம்மா, வுடு. டிராயர்லயே கெடக்கட்டும்," என்றார். கடைசிக் கட்டம் வெறுமையாகவே நின்றது. இளகிய மனசுக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் உருப்படியாக ஒரு விதியும் நிற்காது.

முதல் சில வாரங்கள் சொர்க்கம். வீட்டில் சூடான சோறு, ஃபேன், மெத்தை. மெத்தைக்குக் குறைவில்லை. கணவன் முஜீபுக்குப் பூந்தமல்லி பஜாரில் இலவம்பஞ்சு மெத்தை தைக்கும் கடை. பிறகு வேலை தேடினாள். ஆவடியில் ஒரு கம்பெனியில், அடுத்த ஒன்றாம் தேதி வந்துவிடுங்கள் என்றார்கள். ஒன்றாம் தேதிக்கு முன்பே பேச்சு மூச்சில்லை. அவள் போன் செய்தால் எடுக்கவும் இல்லை. திருவேற்காட்டிலும் அப்படியே ஆயிற்று. மூன்றாவதாக அயப்பாக்கத்துக் கம்பெனியில் அடையாள அட்டைக்குப் போட்டோகூட எடுத்துவிட்டுக் கைகழுவினார்கள்.

அப்போதுதான் மஹ்ஜபீனுக்கு அந்த நினைப்பு வந்தது. தனக்கு முன்னால் இன்னொரு மஹ்ஜபீன் போகிறாள். அதே மெரூன் துப்பட்டா, தோளில் அதே சாப்பாட்டுப் பை. எப்போதும் ஒரு பஸ் முந்திப் போகிறாள். இவள் கேட்டுக்குள் நுழைவதற்குள் அவள் உள்ளே போய், இவளுக்குப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ சொல்லிவிடுகிறாள். பஸ்ஸில் முன் சீட்டில் யாருடைய பின்னந்தலையைப் பார்த்தாலும் அவளோ என்று தோன்றும். கூப்பிட்டால் திரும்புவாளா, திரும்பினால் என்ன முகம் இருக்கும் என்று யோசித்துக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறாள்.

ஜூன் மாதம் திருமழிசையில் ஒரு வேலை வந்தது. வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிஷம். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். கனவை யாரோ கேட்டு எழுதி வைத்ததுபோல இருந்தது. நேர்முகம் முடிந்து வந்த அன்று அவள் அரிசியைக் களையும்போதே சிரித்தாள். நாலாம் நாள் அந்தக் கம்பெனியின் ஆள் சேர்ப்புப் பிரிவிலிருந்து சுவேதா என்ற பெண் கூப்பிட்டாள். மற்றவர்களைப் போல வாயை மூடிக்கொள்ளாமல் விஷயத்தைச் சொன்னதற்காகவே அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும். ஆட்களின் பின்னணியை விசாரித்துக் கொடுக்கும் ஏஜென்சியின் ரிப்போர்ட் வந்திருக்கிறது. பழைய கம்பெனியின் குவாலிட்டி மேனேஜர் ஹேமநாதன் அதில் பதில் சொல்லியிருக்கிறார். தப்பான சரக்கு லாட் ஒன்றைப் பாஸ் செய்ததால் இவரை நீக்கிவிட்டோம் என்று.

"அது தப்புன்னா எழுத்துல ஏதாவது கொண்டு வாங்க மேடம்," என்றாள் சுவேதா. "மாசக் கடைசி வரைக்கும் நான் எடத்தப் பிடிச்சு வைக்கறேன். அதுக்கு மேல என்னால முடியாது."

மாசக் கடைசிக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

முஜீப் நல்லவன். உலகத்தில் எல்லாருமே தெரியாமல்தான் தப்புச் செய்கிறார்கள் என்று நம்புகிறவன். ஹேமநாதன் வேறு யாரையோ நினைத்துக்கொண்டு சொல்லியிருப்பார், ஒரு போன் போட்டுக் கேள் என்றான். போட்டாள். ஹேமநாதன் கோபப்படவும் இல்லை, தடுமாறவும் இல்லை. "உள்ளதத்தான்மா சொன்னேன். லாட்டு பூரா திரும்பி வந்துச்சு. அட்டையில உன் நம்பர்தான் இருக்கு, நீயே பாத்துக்க," என்று சொல்லிப் போட்டோவும் அனுப்பினார்.

பச்சை அட்டை. வட்டத்துக்குள் இருபத்தேழு. ஏழின் வாலில் அந்தப் பிசிறு. அவளுடைய முத்திரையேதான்.

அடுத்த நாலைந்து மத்தியானங்கள் அவள் எங்கே இருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஃபேனுக்கு அடியில் படுத்தபடி பிராக்கெட்டுகளை அளந்துகொண்டிருந்தாள். கண்ணெதிரே பெல்ட் ஓடும், பிராக்கெட்டுகள் ஒவ்வொன்றாக வரும். கேஜ் உள்ளே போகும், சரியாக இருக்கும். மேஜையில் வைத்ததும் துளை மெல்ல நகர்ந்து இடம் மாறும். எடுத்து மறுபடி அளப்பாள், மறுபடி நகரும். வெளியே கொத்தமல்லிக்காரி கூவுவது எங்கோ தூரத்து சைரன் மாதிரி கேட்கும். நான்தான் பாஸ் செய்தேனோ, பஸ்ஸில் காண்கிற கனவை மேஜை வரைக்கும் கொண்டுபோய் உட்கார்ந்துவிட்டேனோ என்று நினைத்தாள். முன்னால் போகிற அந்த மஹ்ஜபீன்தான் நிஜமோ, நான்தான் அவளுக்குப் பின்னால் அலைகிற வதந்தியோ என்றுகூட ஒரு நாள் தோன்றிவிட்டது. பயமாக இருந்தது. முஜீபிடம் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

பூந்தமல்லி கோர்ட்டில் இலவசச் சட்ட உதவி கிடைக்கும், பெண்களுக்கு வருமானம்கூடக் கேட்பதில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மஹ்ஜபீன் போனாள். வழக்குப் போடப் போனாள் என்றா நினைக்கிறீர்கள்? அவள் போனதே, கம்பெனி என்மேல் வழக்குப் போட்டால் என்ன தண்டனை கிடைக்கும் என்று கேட்டுவைக்கத்தான்.

அங்கே இருந்த வக்கீல் கோமளா, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். முதலில் தண்டனைப் பேச்சை மூட்டை கட்டச் சொன்னார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த ரிப்போர்ட்டை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். போனில் காதால் கேட்டது கோர்ட்டில் நிற்காது. அது கைக்கு வந்ததும் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பலாம், சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு திருத்தி எழுது என்று. மறுத்தால் அவதூறுக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம், சொன்ன நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஆவடிக் கம்பெனிக்காரர்கள் விசாரித்தது அக்டோபரில் என்றால் இன்னும் நாள் இருக்கிறது. குற்ற வழக்கும் உண்டு, ஆனால் அது சீக்கிரம் கரை சேராது.

"ஆனா ஒண்ணும்மா," என்றார் கோமளா. "பழைய கம்பெனிக்காரர் உண்மைன்னு நம்பி, நல்ல எண்ணத்துல சொல்லியிருந்தார்னா சட்டம் அவர் பக்கமும் கொஞ்சம் சாயும். இது பொய், தெரிஞ்சே சொன்னார்னு நாமதான் காட்டணும். அந்தப் போட்டோவக் கொடுங்க."

கண்ணாடி தலையிலிருந்து மூக்குக்கு இறங்கியது. போட்டோவை விரலால் விரித்துப் பெரிதாக்கினார்.

"நீங்க வேலைய விட்டது எப்போ?"

"போன ஆகஸ்ட் முப்பது மேடம்."

"இதுல செப்டம்பர் பத்தொன்பதுன்னு எழுதியிருக்கே."

மஹ்ஜபீன் குனிந்து பார்த்தாள். அட்டையின் ஓரத்தில், பேக்கிங் ஆட்கள் பால்பாயின்ட் பேனாவால் கிறுக்குகிற இடத்தில் அது இருந்தது. ஆயிரம் பிராக்கெட்டில் மயிரிழைத் தப்பைக் கண்டுபிடிக்கிறவள், ஐந்து நாளாகத் தன் எண்ணையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர, தேதியைப் பார்க்கவில்லை. செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி எங்கே இருந்தோம் என்று யோசித்தாள். வீட்டில் இருந்தாள். சூடான சோறு தின்றுவிட்டு ஃபேனுக்கு அடியில் படுத்திருந்தாள். அவள் அந்தச் சொர்க்கத்தில் இருந்த நேரம் பார்த்து அவளுடைய இருபத்தேழு மட்டும் தனியாக மண்ணூர்பேட்டையில் வேலை செய்திருக்கிறது. கோமளாவின் மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதாள். துக்கம் இல்லை, என்மேல் தப்பில்லை என்கிற ஆறுதல்.

கோமளா அழுது முடிக்க விட்டுவிட்டு, முத்திரையை நீங்களே எடுத்துக்கொண்டு போய்விட்டதாக அவர்கள் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மஹ்ஜபீன் ரிஜிஸ்டரைப் பற்றிச் சொன்னாள். கடைசிக் கட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிட்டது.

மறுநாள் மத்தியானம் எஸ்டேட் வாசல் டீக்கடையில் எத்திராஜைப் பிடித்தாள். அவர் அவளைக் கண்டதும் டீயைப் பாதியில் வைத்துவிட்டார்.

"டிராயரத் தொறந்து ஹேமநாதன் சார்தாம்மா எடுத்துகினு போனாரு," என்றார். "லாரி நின்னுகினு கீது, உன் எடத்துக்கு இன்னும் ஆள் போடல, அவசரம்னாரு. நான் கைய புடிச்சிருக்கணும், புடிக்கல. ரிஜிஸ்டர் என்கிட்டதான் கீது. கேட்டா காட்டுவேன். இன்னி வரைக்கும் ஒருத்தரும் கேக்கலயே."

அன்றைக்கே அறுத்திருந்தால் என்று இரண்டு பேருக்கும் தோன்றியது. எத்திராஜ் இன்னொரு டீ சொன்னார்.

கேட்பதற்குத்தானே சட்டம் இருக்கிறது. சுவேதாவின் கம்பெனிக்கு எழுதிக் கேட்டு ரிப்போர்ட்டின் நகல் வந்தது. கோமளா நோட்டீஸ் எழுதினார். ஆகஸ்ட் முப்பதில் விலகியவர் செப்டம்பர் பத்தொன்பதில் எப்படி முத்திரை குத்தினார் என்று ஒரு கேள்வி. ஸ்டோர் ரிஜிஸ்டரைப் பத்திரமாக வைத்திருந்து கேட்கும்போது காட்ட வேண்டும் என்று ஒரு வரி. ஏழு நாள் கெடு. ஆறாம் நாள் சின்னசாமியே கோமளாவுக்குப் போன் செய்து, வந்து பேசலாம் என்றார்.

பத்து மாதம் கழித்து அதே பஸ்ஸில் மஹ்ஜபீன் போனாள். பக்கத்தில் கோமளா. முன் சீட்டில் மெரூன் துப்பட்டா போட்ட ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நிஜமாக இருந்தாளா என்பது எனக்குத் தெரியாது, மஹ்ஜபீனுக்கும் தெரியாது. மதுரவாயலில் கூட்டத்தோடு இறங்கிப் போய்விட்டாள்.

சின்னசாமியின் அறையில் ரிஜிஸ்டர் திறந்தபடி இருந்தது. இருபத்தேழு, ஆகஸ்ட் முப்பது, அவள் கையெழுத்து, எத்திராஜின் கையெழுத்து, பிறகு வெற்றுக் கட்டம். ஹேமநாதன் சுவரோரமாக நின்றார். இந்தப் பத்துப் பன்னிரண்டு நாளாக மஹ்ஜபீன் மனசுக்குள் அவரை எத்தனையோ விதமாகத் திட்டியிருந்தாள். நேரில் பார்த்தால் தூக்கம் கெட்ட சாதாரண மனிதர்.

"லாட்டு திரும்பி வந்ததும் யார் பாஸ் பண்ணாங்கன்னு கேட்டாங்க," என்றார் ஹேமநாதன் தரையைப் பார்த்துக்கொண்டு. "நான்னு சொன்னா என் வேலை போயிரும். போனவங்க மேல போட்டா யாருக்கும் நஷ்டமில்லன்னு நெனச்சேன். அப்புறம் ஏஜென்சிக்காரன் கேட்டப்ப, அதையே சொல்ல வேண்டியதாப் போச்சு."

"நான் எங்கயும் போகல சார்," என்றாள் மஹ்ஜபீன். "பூந்தமல்லியிலதான் இருக்கேன்."

சின்னசாமி தண்ணீர் குடித்தார். வழக்கு வேண்டாம், கடிதம் தருகிறோம் என்று அவர் சொன்னபோது, முடிவு உன்னுடையது என்பதுபோலக் கோமளா இவளைப் பார்த்தார். மஹ்ஜபீன் முன்பே யோசித்து வைத்திருந்தாள். ஏஜென்சிக்கும், கைகழுவிய மூன்று கம்பெனிகளுக்கும், திருமழிசைக்கும் கடிதம் போக வேண்டும். நான் சொன்னது பொய், சோதிக்காமல் அனுப்பியது நான்தான் என்று ஹேமநாதன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், கீழே முதலாளி கையெழுத்து வேண்டும். இனி யார் விசாரித்தாலும் ரிஜிஸ்டரில் உள்ளதை மட்டுமே சொல்ல வேண்டும். ஹேமநாதன் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். ஐந்து பிரதி எழுத அவருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அவள் ஒவ்வொன்றையும் வாங்கி, இந்த முறை தேதியிலிருந்து தொடங்கிப் படித்தாள்.

"இன்னொண்ணும் வேணும்," என்றாள். "என் முத்திரைய எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

எத்திராஜ் கொண்டுவந்தார். கேட்காமலே பிளேடும் கொண்டுவந்தார். மஹ்ஜபீன் முத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஏழின் வாலில் பிசிறு அப்படியே இருந்தது. பதினோரு வருஷம் அதைப் பிடித்த விரலுக்கு அது இன்னும் பழக்கமாகத்தான் இருந்தது. அது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு பிளேடை வாங்கிக் குறுக்காக இழுத்தாள். ரப்பர் இறுகிப் போயிருந்ததால் இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது.

எத்திராஜ் கடைசிக் கட்டத்தில் 'அறுக்கப்பட்டது' என்று எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்தார். குரலைத் தாழ்த்தி, "அன்னிக்குத் தேதியே போட்டுரட்டாம்மா? சுத்தமா இருக்கும்," என்றார். ஆகஸ்ட் முப்பது என்று விழுந்தால் அவருடைய தப்பும் மறையும், அவளுடைய தப்பும் மறையும்.

"இன்னிக்குத் தேதி போடுங்கண்ணே," என்றாள் மஹ்ஜபீன். "அன்னிக்கு நாம அறுக்கலையே."

எத்திராஜ் அன்றைய தேதியைப் போட்டார். ஜூன் இருபத்தாறு. அதன் பக்கத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஜூலை ஒன்றாம் தேதி மஹ்ஜபீன் திருமழிசையில் சேர்ந்தாள். பன்னிரண்டு நிமிஷப் பயணம் கனவுக்குப் போதவில்லை. உட்கார்ந்து கண் நிலைப்பதற்குள் இறங்குகிற இடம் வந்துவிட்டது. சுவேதா அவளை உள்ளே அழைத்துப்போய் மேஜையைக் காட்டி, புது ரப்பர் முத்திரையைக் கையில் கொடுத்தாள். எண் ஒன்பது. வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடச் சொல்லி ரிஜிஸ்டரை நீட்டினாள்.

மஹ்ஜபீன் பேனாவைத் தொடவில்லை.

"வேலைய விட்டுப் போறப்ப இத இங்க யார் அறுப்பாங்க?"

இன்றைக்குத்தானே சேர்ந்திருக்கிறீர்கள் மேடம், அதற்குள் போகிற பேச்சா என்று சுவேதா சிரித்தாள். மஹ்ஜபீனும் சிரித்தாள். ஆனாலும் பதில் வருகிறவரைக்கும் பேனா மேஜைமேலேயே கிடந்தது.